மூன்று சென்னைக் கார், ஒரு குர்கான் கார்

வணக்கம் நண்பர்களே. படம் கொஞ்சம் ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பானெட் மேல் துண்டை விரித்து அதில்தான் போனைச் சாய்த்து வைத்திருக்கிறேன்.

இதுவரை என்னென்ன கார் வைத்திருந்தீர்கள், அதில் எது நல்ல கார் என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். பெரிய பட்டியல் எல்லாம் இல்லை. நாலே நாலு. அதில் மூன்று, சென்னையைச் சுற்றியே செய்த கார்கள். நான் திட்டம் போட்டு வாங்கியதில்லை, அதுவாக அமைந்தது. ஆனால் குரோம்பேட்டைக்காரனுக்கு இதில் ஒரு வசதி உண்டு: கார் வீட்டில் நிற்கும்போதே, அதைச் செய்த ஆலை எப்படி இருக்கிறது என்று போகிற வழியில் பார்த்துவிடலாம்.

முதல் கார் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இந்தப் பெயரைக் கேட்டால் நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் முழிப்பார்கள். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான், 1961இலிருந்து இங்கே நம் வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி செய்தது. என்னுடையது 1966 மாடல், இரண்டு கதவு, எம்எஸ் என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் நம்பர். நான் வாங்கும்போதே அதற்கு வயதாகிவிட்டது. பெரியப்பாவின் நண்பர் ஒருவர், 'ஓட்டுகிறவனுக்குத்தான் கொடுப்பேன், வியாபாரிக்கு இல்லை' என்று பிடிவாதமாக வைத்திருந்தார். 948 சிசி எஞ்சின். வேகத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

அந்தக் காரின் அழகே பானெட்தான். இப்போது நான் போன் வைத்திருக்கிறேனே, இதுபோல ஒரு மூடி இல்லை அது. இரண்டு பக்கமும் வெளியிலேயே ஒரு கொக்கி இருக்கும். இரண்டையும் விடுவித்துத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட், முகப்பு எல்லாம் சேர்ந்து முன்பக்கமாக அப்படியே கவிழும். முன் சக்கரம், ஸ்டியரிங், எஞ்சின் எல்லாம் வெட்ட வெளிச்சம். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம், மெக்கானிக் அண்ணன் அப்படித்தான் உட்காருவார். டீ கிளாஸை ஏர் ஃபில்டர் பக்கத்தில் வைத்துவிட்டு, பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாட்டினம் பாயிண்ட்டை உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுப்பார். இடைவெளி பார்க்கக் கருவி எல்லாம் எடுக்க மாட்டார். பழைய போஸ்ட் கார்டு ஒன்றைக் கிழித்துச் சொருகிப் பார்ப்பார். வண்டி கிளம்பிவிடும்.

இன்னொன்று, அது திரும்புகிற திருப்பு. முழு வட்டம் அடிக்க 25 அடி போதும். எங்கள் தெருவில் இன்றைக்குச் சின்னக் கார்களே மூன்று முறை முன்னும் பின்னும் போய்த்தான் திரும்புகின்றன. ஹெரால்டு ஒரே இழுப்பில் திரும்பிவிடும். பின் சக்கரத்துக்குக் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங் கட்டு. ஜாக்கி போட்டுத் தூக்கினால் இரண்டு பின் சக்கரமும் உள்பக்கம் மடங்கித் தொங்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் ஆக்ஸில் உடைந்துவிட்டது என்று பதறுவார்கள். அதன் அமைப்பே அப்படி.

நான் அதை ஓட்டிய காலத்தில் அந்தக் கம்பெனியே இல்லை. 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய காரை இறக்கினார்கள். வெளியே இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரின் உடம்பு, உள்ளே பழைய வேன்கார்டு கார் காலத்து எஞ்சின். அந்த விலை கொடுத்து வாங்குகிறவர்களுக்கு அது போதவில்லை. மூன்று வருஷத்தில் உற்பத்தி நின்றது, ஆலையும் மூடிவிட்டது. இன்றைக்குப் பெருங்களத்தூரில் அந்த இடத்தில் ஐடி கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன.

கம்பெனி இல்லாத காரை எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்பீர்கள். சென்னை என்பதால் ஓடியது, அவ்வளவுதான். சென்னை பாடி என்ற இடத்தில், வண்டிகளுக்கு மின்சாரப் பாகம் செய்கிற லூகாஸ் டிவிஎஸ் 1961இலிருந்து இருக்கிறது. செல்ஃப் மோட்டாருக்கும் டைனமோவுக்கும் காயில் சுற்றித்தர ஆள் தெருவுக்குத் தெரு கிடைத்தார்கள். மற்ற சாமான்களுக்கு, பழைய வண்டிப் பாகம் விற்கிற புதுப்பேட்டை. அங்கே கடைக்காரரிடம் மாடல் பெயரைச் சொல்வதைவிடப் பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய்க் காட்டுவதுதான் நல்லது. பார்த்த உடனே, 'இது கிடைக்காது, ஆனா இன்னொரு வண்டியோடதைக் கொஞ்சம் கடைஞ்சு போட்டுக்கலாம்' என்பார். அந்த 'கொஞ்சம் கடைஞ்சு' என்பதில்தான் அந்தக் கார் பல வருஷம் உயிரோடு இருந்தது.

அப்புறம் மாருதி 800. இதுதான் அந்தக் குர்கான் கார், டெல்லி பக்கத்தில் செய்தது. இதைப் பற்றிச் சொல்லாதவர்கள் யார் இருக்கிறார்கள்? 1983 டிசம்பர் 14 அன்று ஹர்பால் சிங் என்பவருக்கு இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். 796 சிசி, மூன்று சிலிண்டர், 12 அங்குல டயர். காலையில் சாவி போட்டால் கிளம்பும், சாயங்காலம் சாவி போட்டால் கிளம்பும். சொல்வதற்கு அதில் கதையே இல்லை. ஒரு காருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேண்டுமா என்ன? விற்கும்போது வாங்க வந்தவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. நேராகப் பணத்தை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாவது சான்ட்ரோ. ஹூண்டாய் இங்கே கம்பெனி தொடங்கியது 1996இல். 1998 செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார் விற்பனைக்கு வந்துவிட்டது. வந்த புதிதில் அந்த உயரத்தைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம், நானும்தான். பிறகு பவர் ஸ்டியரிங் உள்ள மாடல் வந்தபோது அதையே வாங்கினேன். காரணம் அப்பாவின் முழங்கால். மாருதியில் அவர் உட்கார்வது என்றால் முதலில் குனிய வேண்டும், பிறகு உள்ளே விழ வேண்டும். இறங்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். சான்ட்ரோவில் சீட் இடுப்பு உயரத்தில் இருக்கும். கதவைத் திறந்து, அப்படியே பக்கவாட்டில் உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொள்வார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற எங்கள் வீட்டுப் பெண்களும் இதே தீர்ப்பைத்தான் சொன்னார்கள். கார் விமர்சனம் எழுதுகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். வயதானவர் ஏறி இறங்குவதைப் பற்றி ஒரு வரி எழுதினால் புண்ணியமாகப் போகும்.

சரி, இப்போது நான் சாய்ந்து நிற்கிறேனே, இதுதான் நாலாவது. ஃபோர்டு ஃபிகோ, 1.4 லிட்டர் டீசல், 2011இல் வாங்கியது. மறைமலைநகர்க்காரன், ஃபோர்டு ஆலை அங்கேதான். நான் அதிகம் ஓட்டியதும் இதைத்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தால் ரோட்டில் என்ன இருக்கிறது என்று கைக்கே தெரியும். திண்டிவனம் தாண்டி நான்கு வழிச் சாலையில் விட்டால், பக்கத்து சீட்டில் இருக்கிறவர் பேசிக்கொண்டே தூங்கிவிடுவார். இருங்கள், ஒன்று காட்டுகிறேன். இதோ பின் கதவு. கண்ணாடிக்குக் கைப்பிடி தெரிகிறதா? உச்ச மாடலிலும் பின்னால் கையால்தான் சுற்ற வேண்டும். அப்போது எல்லாரும் கேலி செய்தார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை, கெட்டுப்போக மோட்டாரே இல்லையே!

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறது என்ற செய்தி வந்தபோது, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஹெரால்டுதான். மறுபடியும் கம்பெனி இல்லாத கார்! 2022இல் மறைமலைநகரில் ஃபோர்டின் கடைசி ஈகோஸ்போர்ட் கார் ஏற்றுமதிக்காக வெளியே வந்தது. வேலை போனவர்களின் கஷ்டத்துக்கு முன்னால் கார்க்காரனின் கவலை ஒன்றுமே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்து டீக்கடைகளில் ஷிஃப்ட் முடிகிற நேரக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சர்வீசும் உதிரி பாகமும் தொடரும் என்று கம்பெனி சொன்னது. எனக்கு இதுவரை தேவைப்பட்டது கிடைத்திருக்கிறது, சில சமயம் காத்திருந்து. 2024இல் ஏற்றுமதிக்காக அந்த ஆலையை மறுபடியும் பயன்படுத்தப் போவதாக அறிவித்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் என் ஃபிகோவின் கிளட்ச் பிளேட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

எது நல்ல கார் என்ற கேள்விக்கு வருகிறேன். நான் கார் பார்க்கப் போனால் ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் இரண்டு இடத்துக்குப் போவேன். ஒன்று, அந்தக் காரைப் பழுது பார்க்கிற ஒரு சாதாரண ஷெட். இன்னொன்று, பழைய பாகம் விற்கிற கடை. ஹெட்லைட் என்ன விலை, பம்பர் இருக்கிறதா, இந்த வண்டி உங்களிடம் அதிகம் எதற்கு வருகிறது என்று கேட்பேன். அவர்கள் முகத்தைச் சுளித்தால் எத்தனை ஏர்பேக் இருந்தாலும் எனக்கு வேண்டாம். ஏர்பேக் வேண்டாம் என்று சொல்லவில்லை, கத்திரி போட்டு ரீல்ஸ் போட்டுவிடாதீர்கள்.

பையன் மின்சாரக் கார் வாங்கச் சொல்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, இப்போது தூத்துக்குடியிலேயே செய்கிறார்கள். பத்து வருஷம் கழித்து அந்த பேட்டரியை எந்த ஷெட்டில் யார் திறப்பார் என்றுதான் கேட்கிறேன். அவனிடமும் பதில் இல்லை, ஷோரூமிலும் இல்லை.

அதுவரை இதுதான். இந்த வருஷம் 15 வருஷம் முடிகிறது, ஆர்சி புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். அதற்கு முன்னால் இந்த இடது மட்கார்டு ஓரத்தில் லேசாகத் துரு இருக்கிறது, தெரிகிறதா? டிங்கர் வேலைக்கு நாளைக்கு விடுகிறேன். ஆர்டிஓ ஆபீஸில் என்னென்ன பேப்பர் கேட்கிறார்கள் என்பதை அடுத்த வீடியோவில் சொல்கிறேன். வரட்டுமா?