அடுத்த வாரம் என்ன பாடம்?

நேயர்களுக்கு வணக்கம். பள்ளி நூலகத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எத்தனை பீரோ, எத்தனை புத்தகம் என்ற கணக்குக்குள் நான் போகவில்லை. வகுப்பில் அடுத்த வாரம் என்ன பாடம் என்று நூலகருக்குத் தெரியுமா? பல ஆண்டுகளாக நான் கேட்டுவரும் கேள்வி இதுதான்.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் நூலகராக இருந்தேன். பிள்ளைகளில் பலர் காசிமேட்டிலிருந்து வருவார்கள். ஒரு நாள் அறிவியல் ஆசிரியை ஒரு மாணவியிடம் துண்டுச்சீட்டு கொடுத்தனுப்பினார். ‘மீனின் செவுள் ஏன் சிவப்பு?’ அவ்வளவுதான் அதில் எழுதியிருந்தது. மீன் செவுளால் சுவாசிக்கிறது என்று பாடத்தில் ஒரு வரி. இந்தப் பெண் எழுந்து, தன் அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் மீன் எடுப்பார், சிவப்பு மங்கியிருந்தால் பழைய மீன் என்று ஒதுக்கிவிடுவார், அது ஏன் என்று கேட்டிருக்கிறாள். ‘பாடத்தில் இல்லை, உட்கார்’ என்று சொல்லியிருக்கலாம். அந்த ஆசிரியை சொல்லவில்லை.

கீழ்த்தட்டில் மீன்களைப் பற்றிய தடித்த நூல் ஒன்று கிடந்தது. உள்ளே ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை. வாங்கிய நாளிலிருந்து யாரும் எடுத்துப் போகவில்லை! நானும் அந்த மாணவியும் உட்கார்ந்து படித்தோம். செவுள் இழைகளில் மெல்லிய இரத்தக் குழாய்கள் நிறைந்திருக்கின்றன. நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இரத்தம் அங்கேதான் எடுத்துக்கொள்கிறது. மீன் இறந்து நேரம் ஆக ஆக இரத்தத்தின் நிறமி மாறிச் செவுள் பழுப்பாகிறது. அம்மா சொன்னது சரிதான் என்று அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு பெருமை. அவள் அதை வகுப்பில் வாசித்துக் காட்ட, மறுநாளே அடுத்த சீட்டு வந்தது: ‘விரால் மட்டும் தண்ணீருக்கு வெளியே அவ்வளவு நேரம் எப்படி உயிரோடு இருக்கிறது?’ அதற்கடுத்து: ‘ஓங்கிலுக்கு, அதாவது டால்பினுக்கு, செவுள் உண்டா?’

பிறகு அந்த ஆசிரியை வெள்ளிக்கிழமைதோறும் பாடக்குறிப்பேட்டோடு நூலகத்துக்கு வருவார். பத்து நிமிடம் பேசுவோம். திங்கட்கிழமை காலை அந்தப் பாடத்துக்கான புத்தகங்கள் மேசையில் இருக்கும். மறுபடியும் சொல்கிறேன், பத்தே நிமிடம். இதற்கு அரசாணை வேண்டாம், நிதி வேண்டாம்.

நம் நூலகத் துறையின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராவதற்கு முன் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது அவர் வகுத்த முதல் விதி. கற்பித்தவருக்குத்தான் அந்த அருமை தெரியும் என்று நான் நம்புகிறேன்.

நேரமாகிறது என்று சைகை வந்துவிட்டது. நூலகப் பாடவேளையை முடிக்காத கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடுவதைப் பற்றியும், இருப்புச் சரிபார்ப்புக்குப் பயந்து பீரோவைப் பூட்டியே வைப்பதைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். தலைமையாசிரியர்களுக்கு ஒன்று மட்டும்: கிழிந்த, தொலைந்த நூல்களுக்கு நூலகரைப் பொறுப்பாக்காமல், கணக்கிலிருந்து நீக்கும் பதிவேட்டில் எழுதி ஒப்பமிட்டுக் கொடுங்கள். நூலகர் பணியிடமே இல்லாத பள்ளியில் பீரோ சாவி எந்த ஆசிரியரிடம் இருக்கிறதோ, அடுத்த வாரம் என்ன பாடம் என்று எழுதிய சீட்டை வெள்ளிக்கிழமை அவரிடம் கொடுங்கள். நன்றி, வணக்கம்.