11.24 என்பது 11 டிகிரி 24 நிமிடம் அன்று

வணக்கம் நண்பர்களே. இன்று மலையில் இருந்து பேசவில்லை. என் மேசையின் மீது ஒரு கையடக்க ஜிபிஎஸ் கருவியும் கைப்பேசியும் ஒரு குறிப்பேடும் இருக்கின்றன. இந்த மூன்றிலும் ஒரே இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதை இப்போது நீங்கள் திரையில் பார்க்கலாம்.

சென்ற ஆண்டு, நீலகிரியில் ஒரு நீர்ச்சுனை இருக்கும் இடத்தை நண்பர் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 11 டிகிரி, 24.15 என்று மட்டுமே அவர் எழுதியிருந்தார். அவருடைய கருவி நிமிடத்தைத் தசமத்தில் காட்டுவது. நானோ அதை 24 நிமிடம் 15 விநாடி என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் 0.15 நிமிடம் என்பது 9 விநாடிதான். எஞ்சிய ஆறு விநாடி வேறுபாடு, அட்சரேகையில் ஏறத்தாழ 184 மீட்டர். கணக்கில் சிறிய தூரமாகத் தெரியும் அந்த 184 மீட்டருக்காக, மூடுபனி இறங்கிய சோலைக்காட்டுக்குள் கையில் இருந்த தண்ணீரும் தீர்ந்துபோக, ஒன்றரை மணி நேரம் சுனைக்கு வடக்கே தேடிக்கொண்டிருந்தோம். இந்தக் காணொளியை எடுக்க வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

எழுத்துமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூகுள் மேப்ஸ் இடத்தைத் தசம டிகிரியில் காட்டுகிறது. கார்மின் நிறுவனத்தின் ஜிபிஎஸ் கைக்கருவிகள் பெரும்பாலும் டிகிரியும் தசம நிமிடமுமாகக் காட்டும். ஐபோனின் திசைகாட்டிச் செயலியும் காகித வரைபடங்களும் டிகிரி, நிமிடம், விநாடி என்ற பழைய முறையைப் பின்பற்றுகின்றன. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. கடிகாரக் கணக்கை அறிந்தவர் இதில் புதிதாகக் கற்க எதுவுமில்லை.

உதகமண்டலத்தின் அட்சரேகையை எடுத்துக்கொள்வோம்: 11 டிகிரி 24 நிமிடம் 36 விநாடி. வலது ஓரத்திலிருந்து தொடங்குங்கள். 36 விநாடியை 60-ஆல் வகுத்தால் 0.6, அதை 24-உடன் சேர்த்தால் 24.6 நிமிடம். அதையும் 60-ஆல் வகுத்தால் 0.41, ஆகவே 11.41 டிகிரி. திரும்பி வருவதற்குத் தசமப் பகுதியை மட்டும் பெருக்கிக்கொண்டே வர வேண்டும்: 0.41-ஐ 60-ஆல் பெருக்க 24.6, பிறகு 0.6-ஐ 60-ஆல் பெருக்க 36. எந்த மாற்றத்தைச் செய்தாலும் இப்படித் திரும்பி வந்து சரிபார்ப்பது என் வழக்கம்; அரை நிமிடம்கூட ஆகாது.

இனி, நான் அதிகமாகக் காணும் பிழைக்கு வருகிறேன். தொட்டபெட்டா சிகரம் தோராயமாக 11 டிகிரி 24 நிமிடம் வடக்கு, 76 டிகிரி 44 நிமிடம் கிழக்கில் இருக்கிறது. இதைச் சிலர் அப்படியே 11.24, 76.44 என்று கைப்பேசியில் தட்டச்சு செய்துவிடுகிறார்கள். சரியான தசம எண்கள் 11.40, 76.733 என்பவை. அந்தத் தவறான புள்ளி தெற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டரும் மேற்கே ஏறத்தாழ 32 கிலோமீட்டரும் விலகி, நீலகிரியின் தென்மேற்கு விளிம்பில், சைலன்ட் வேலி பக்கத்துக் காட்டு மலைகளுக்குள் போய் விழுகிறது. கருவி எந்த எச்சரிக்கையும் தராது, ஏனென்றால் அந்த எண்களும் இலக்கணப்படி சரியானவையே. மாறாக, உதகையின் தீர்க்கரேகையான 76.70-ஐ 76 டிகிரி 70 நிமிடம் என்று யாராவது படித்தால் பிழை உடனே வெளிப்பட்டுவிடும். நிமிடமும் விநாடியும் 60-ஐ எட்டவே முடியாது. எனவே புள்ளிக்குப் பின்னால் 60-க்கு மேற்பட்ட எண்ணைக் கண்டால், அது தசமம் என்று உறுதியாகக் கொள்ளலாம். அதற்குக் குறைவான எண் இருக்கும்போதுதான் அனுப்பியவரிடம் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

பூச்சியத்தையும் விட்டுவிடாதீர்கள். 24.05 நிமிடத்தை 24.5 என்று எழுதினால், இடம் 800 மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். ஆனால் தசம டிகிரியில் ஆறேழு இலக்கங்களை எழுதிக்கொண்டிருக்கவும் தேவையில்லை: நான்காவது இலக்கம் ஏறத்தாழ 11 மீட்டரையும் ஐந்தாவது ஏறத்தாழ ஒரு மீட்டரையும் குறிக்கின்றன, அடர்ந்த மரங்களுக்குக் கீழே நம் கருவியே அந்த அளவுக்குத் துல்லியமாக இருப்பதில்லை. வரிசை மாறுவது அவ்வளவு ஆபத்தானதன்று; தீர்க்கரேகையை முதலில் எழுதிவிட்டால் தொட்டபெட்டா ஆர்க்டிக் பகுதியில், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு அருகே கடலில் தெரியும், யாரும் ஏமாற மாட்டார்கள்.

எண்களைச் சரியாக மாற்றிய பிறகும் இடம் பொருந்தாமல் போகக்கூடிய ஒரு காரணம் உண்டு. அதற்கும் நம் ஊருக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னைப் பரங்கிமலையில் அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கு அடிப்படையான முதல் நேர்கோடு, அளந்து தொடங்கிய நில அளவையின் தொடர்ச்சியாக, 1830-இல் ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற நில அளவையாளர் கணித்த பூமி வடிவத்தின் மீதுதான் இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் வரையப்பட்டன. ஜிபிஎஸ் பயன்படுத்துவதோ டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு வடிவம். பழைய தாளிலிருந்து படித்த எண்ணை அப்படியே கருவியில் இட்டால், நம் பகுதியில் ஏறத்தாழ 200 மீட்டர் தள்ளிப் போய்விடும். 2005-ஆம் ஆண்டு வரைபடக் கொள்கைக்குப் பிறகு வெளிவந்த பொதுப் பயன்பாட்டு வரைபடங்கள் டபிள்யூஜிஎஸ் 84-இலேயே இருப்பதால், அவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. உங்கள் தாளின் ஓரக் குறிப்பில் எவரெஸ்ட் என்ற பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்த பயணத்துக்கு முந்தைய நாள் இதைச் செய்து பாருங்கள். வீட்டு வாசலில் நின்று கருவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, கையாலேயே தசம டிகிரிக்கு மாற்றிக் கைப்பேசி வரைபடத்தில் இடுங்கள். புள்ளி உங்கள் வாசலில் விழ வேண்டும். தெருமுனையில் விழுந்தால், கருவியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து எழுத்துமுறையையும் டபிள்யூஜிஎஸ் 84 தேர்வாகியிருக்கிறதா என்பதையும் சரிபார்த்து, மறுபடியும் வாசலுக்கு வந்து நில்லுங்கள்.