எந்தத் திகதியை எழுதுவது?

வணக்கம் நேயர்களே. இந்த உரைக்கு அழைத்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. நான் வைத்தியரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. வேலையிடத்தில் காயப்பட்டவர்களுக்கு நட்டஈட்டுப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற வேலையைப் பல வருடங்களாக கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவில் செய்து வருகிறேன். முதுகு பிடித்தவர்கள், மெஷினில் விரல் அகப்பட்டவர்கள், ஏணியில் இருந்து விழுந்தவர்கள் என்று எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாத ஒருவருக்கு எழுதியபோதுதான் என் பேனா நின்றது.

அவர் ஒரு பாராமெடிக். அம்புலன்சில் பதினொரு வருட வேலை. கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார் என்று மனைவி சொன்னதால் நானே வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில், ஒன்ராறியோவின் வேலையிட நட்டஈட்டு வாரியமான டபிள்யூ.எஸ்.ஐ.பி.யின் படிவம் 6ஐ விரித்தோம். தொழிலாளி நிரப்ப வேண்டியது 6, முதலாளிக்கு 7, வைத்தியருக்கு 8. பேர், விலாசம், சம்பளம் எல்லாம் எழுதி முடிந்தது. அப்புறம் ஒரு பெட்டி வந்தது: விபத்து நடந்த திகதியும் நேரமும்.

"அக்கா, எந்தத் திகதியை எழுதுறது?" என்று கேட்டார்.

விரல் போனவருக்கு அந்தக் கேள்வியில் சிக்கல் இல்லை. செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்றேகால். இவருக்கு? ஒரு வீதி விபத்தா, ஒரு குழந்தையா, தொங்கிய ஒருவரைக் கயிற்றில் இருந்து இறக்கிய இரவா? ஒன்றைச் சொன்னால் மற்றதெல்லாம் இல்லை என்று ஆகிவிடுமோ என்று பயந்தார். கடைசியில், மனநல மருத்துவர் நோயின் பெயரை எழுதித் தந்த நாளைப் பெட்டியில் போட்டோம். மற்றவற்றைத் தனித்தாளில் எழுதினோம். அந்தத் தாள் நான்கு பக்கம் போனது.

முன்பு இதே படிவத்தை அவர் நிரப்பியிருந்தால் பெரும்பாலும் தோற்றிருப்பார். ஒன்ராறியோவின் பழைய சட்டம் மனக்காயத்துக்கு நட்டஈடு கொடுப்பதற்கு வைத்திருந்த வாசல் மிகவும் ஒடுக்கமானது. திடீரென்று, எதிர்பாராமல் ஒரு கொடுஞ்சம்பவம் நடந்திருக்க வேண்டும், அதற்கு மனம் உடனே கலங்கியிருக்க வேண்டும். சாவைப் பார்ப்பதே வேலையாக உள்ள ஒருவர் "எதிர்பாராமல்" என்ற சொல்லை எப்படி நிரூபிப்பார்? "இது உங்கள் வேலைதானே, தெரிந்துதானே வந்தீர்கள்" என்று கேட்க அந்தச் சொல் இடம் கொடுத்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வருகிற நோய்க்கு அதில் இடமே இருக்கவில்லை.

2016 ஏப்ரல் 6ஆம் திகதி இது மாறியது. மாகாண சட்டமன்றத்தில் செரி டிநோவோ என்ற உறுப்பினர் பல வருடங்களாகத் தனிநபர் மசோதாவாகத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்த விஷயம் அது. கடைசியில் அரசாங்கமே மசோதா 163 என்று கொண்டுவந்து நிறைவேற்றியது. அல்பேர்ட்டா மாகாணம் 2012இலேயே இதைச் செய்துவிட்டது. சட்டத்தின் உயிர் ஒரேயொரு விஷயத்தில் இருக்கிறது. ஆபத்து நடந்த இடத்துக்கு முதலில் உதவிக்குப் போகிற ஒரு பணியாளருக்கு, அதாவது பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ், சிறைச்சாலை ஊழியர் போன்றவர்களுக்கு, பி.ரி.எஸ்.டி., அதாவது கொடுஞ்சம்பவங்களால் வருகிற மனநோய், என்று மருத்துவர் உறுதிசெய்தால், அது வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று சொல்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். நிரூபிக்கிற சுமையை நோயாளியின் தோளில் இருந்து இறக்கி மற்றப் பக்கத்தில் வைத்தார்கள். நித்திரை இல்லாமல், ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் இருக்கிற ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்த மேசையில் இருந்து பார்த்தவள் நான்.

911 அவசர அழைப்பைக் கேட்டு வண்டியை அனுப்புகிறவர்களும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அவர்கள் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை. ஒரு தாய் தொலைபேசியில் கத்துவதைக் கேட்கிறார்கள், நெஞ்சில் எப்படி அழுத்த வேண்டும் என்று எண்ணிச் சொல்கிறார்கள், வண்டி போய்ச் சேர்ந்ததும் இணைப்பு அறுந்துவிடும். அந்தப் பிள்ளை பிழைத்ததா என்று பல நேரம் தெரியாது. அடுத்த அழைப்பு வந்துவிடும். காதால் பட்ட காயமும் காயம்தான் என்று சட்டம் ஏற்றுக்கொண்டது.

2018இல் தாதியர்களையும் சேர்த்தார்கள், 2024இல் காட்டுத்தீ அணைப்பவர்களையும். ஆனால் எங்கள் பெண்கள் எத்தனையோ பேர் செய்கிற பி.எஸ்.டபிள்யூ. வேலை, அதாவது முதியோர் இல்லங்களில் குளிப்பாட்டி, உணவூட்டி, கடைசி மூச்சுவரை பக்கத்தில் இருக்கிற வேலை, இந்தப் பட்டியலில் இல்லை. கோவிட் காலத்தில் ஒன்ராறியோ முதியோர் இல்லங்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்களின் முகத்தை மூடியவர்கள் யார்? 2018 முதல் எந்தத் தொழிலாளியும் வேலை தந்த மன நெருக்கீட்டுக்கு நட்டஈடு கேட்கலாம் என்பது உண்மைதான். ஆனால் பி.எஸ்.டபிள்யூ. பெண்மணி எல்லாவற்றையும் தானே நிரூபிக்க வேண்டும். இது நியாயம் இல்லை என்று நான் நினைக்கிறேன். நீங்களும் உங்கள் தொகுதி எம்.பி.பி.யிடம், அதாவது மாகாண சட்டமன்ற உறுப்பினரிடம், இதைச் சொல்லுங்கள்.

சரி, இது யாருடைய காசு? எங்கள் ஆட்களிடம் இதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். "வெல்ஃபேர் எடுக்கிறான்", "காசுக்கு நடிக்கிறான்" என்ற கதையை எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன். டபிள்யூ.எஸ்.ஐ.பி. தருகிற பணம் பொதுமக்களின் வரிப்பணம் அல்ல. முதலாளிகள் கட்டுகிற காப்புறுதிப் பணம். 1913இல் நீதிபதி வில்லியம் மெரடித் தன் அறிக்கையைக் கொடுத்தார், அடுத்த வருடம் ஒன்ராறியோ சட்டம் செய்தது. அதில் நடந்தது ஒரு கொடுக்கல் வாங்கல். காயப்பட்ட தொழிலாளி முதலாளியை நீதிமன்றத்துக்கு இழுக்கிற உரிமையை விட்டுக்கொடுத்தான். அதற்குப் பதிலாக, யார் பிழை என்று பார்க்காமல் நட்டஈடு தருவதாகச் சொன்னார்கள். நூறு வருடத்துக்கு முன்பே விலை கொடுத்து வாங்கிய உரிமை இது. வரி முதலியன கழித்துக் கையில் வருகிற சம்பளத்தில் 85 சதவீதம் என்பது பல காலமாக உள்ள கணக்கு. 1998க்கு முன் அது 90 ஆக இருந்தது.

எத்தனை பேருக்கு இந்த நிலை என்றும் கேட்பீர்கள். ரெஜைனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் கனடா முழுவதும் 5,813 பாதுகாப்புப் பணியாளர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். 44.5 சதவீதமானவர்களிடம் ஏதோ ஒரு மனநோய்க்கான அறிகுறிகள் தெரிந்தன. அதாவது பத்துப் பேரில் நாலு பேருக்கு மேல்.

இனி அந்தத் தம்பியின் வீட்டுக்குத் திரும்புகிறேன். படிவம் எழுதிக்கொண்டு இருக்கும்போது அடுப்படியில் அவருடைய அம்மா வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்தார். கடுகு வெடித்தது. கதைத்துக்கொண்டு இருந்தவர் அப்படியே எழும்பி, செருப்புக்கூடப் போடாமல் பல்கனிக்குப் போய்விட்டார். வெளியே மைனஸ் ஆறு. "பாருங்கோ பிள்ளை, ஒரு வருசமா என்ர சமையல் இவனுக்குப் பிடிக்குதில்லை" என்று அம்மா கண் கலங்கினார்.

சமையல் பிடிக்காமல் இல்லை. ஒரு அடுக்குமாடி வீட்டில், சமைத்துக்கொண்டு இருந்தபடியே விழுந்த ஒரு ஆச்சிக்கு இவர் நெஞ்சை அழுத்தியிருக்கிறார். இருபத்தைந்து நிமிடம். அவ்வளவு நேரமும் அடுப்பில் தாளிதம் கருகிக்கொண்டே இருந்திருக்கிறது. அடுப்பை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆச்சி போய்விட்டார். மணம் இவரோடு வந்துவிட்டது. தனித்தாளின் மூன்றாம் பக்கத்தில் இது இருந்தது. பெற்ற தாய்க்கு அவர் சொல்லியிருக்கவில்லை.

அம்மா என்னிடம் கேட்டார்: "சனத்துக்கு என்ன வருத்தம் எண்டு சொல்லுறது?" நான் மனவடு என்றேன். போர்க்காலத்திலும் சுனாமிக்குப் பிறகும் ஊரில் உளவளத்துணை செய்தவர்கள் எங்களுக்குப் பழக்கிய சொல். அம்மாவுக்கு உடனே விளங்கியது. "அது எங்களுக்கு வந்ததெல்லோ, இவன் இங்க பிறந்த பிள்ளையெல்லோ?" என்றார். பிறகு எழும்பிப் போய் அடுப்பை நிறுத்தினார், யன்னலைத் திறந்தார்.

நேரம் குறைவாக இருக்கிறது, தேவையானவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். குடும்ப வைத்தியர் சொன்னது மட்டும் இந்தச் சட்டத்துக்குப் போதாது, மனநல மருத்துவரோ உளவியலாளரோ நோயை உறுதிசெய்ய வேண்டும். அதற்குக் காத்திருக்க வேண்டி வரும், ஆகவே இன்றைக்கே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கிளெய்ம் போட ஆறு மாதம்தான் தவணை. பிந்தினாலும் காரணம் சொல்லி நீடிப்புக் கேட்கலாம். வேலையை விட்டவர்களுக்கு, விட்ட நாளில் இருந்து 24 மாதத்துக்குள் நோய் உறுதிசெய்யப்பட்டால்தான், வேலையால் வந்தது என்று எடுத்துக்கொள்கிற அந்தச் சலுகை. பதவி குறைத்தது, ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது, ஷிப்ட் மாற்றியது போன்ற முதலாளியின் தீர்மானங்களால் வந்த மனக்கஷ்டத்தை இந்தச் சட்டம் ஏற்காது, அதை உங்கள் கடிதத்தில் கலக்காதீர்கள். யூனியன் உள்ளவர்கள் முதலில் யூனியனிடம் போங்கள். இல்லாதவர்களுக்கு மாகாண அரசின் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் காசு வாங்காமல் உதவும். நிராகரித்துக் கடிதம் வந்தால் அதில் மேன்முறையீட்டுக்கான கடைசித் திகதி இருக்கும். கடிதத்தை லாச்சிக்குள் வைத்துவிடாதீர்கள்.

படிவத்தை அனுப்ப முன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனித்தாளையும் சேர்த்து. நன்றி, வணக்கம்.