எங்கள் ஆச்சியின் ஹாக்கி

வணக்கம் நேயர்களே.

எங்கள் ஆச்சியை அறிந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவர், தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியே நான்கு பிள்ளைகளைக் கரையேற்றியவர், வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகே சட்டியைப் பார்த்தவர். அத்தனையும் உண்மை. ஆனால் அந்தப் பேச்சில் ஆச்சியில் பாதிதான் இருக்கிறார். மீதிப் பாதி கோவில்பட்டி ஹாக்கி மைதானத்தில் இருந்தார். நம் வீடுகளில் பெண்களை அவர்கள் பட்ட பாட்டை வைத்தே நினைக்கிறோம். எதைப் பார்த்து அவர்கள் முகம் மலர்ந்தது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால்தான் இந்தப் பேச்சு.

கோவில்பட்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் போல ஹாக்கியும் எங்கள் ஊரின் சொத்து. மட்டை வாங்க வழியில்லாத பையன்கள் வளைந்த கருவேலங் கொம்பை வெட்டிச் சீவி ஆடுவார்கள். ஆச்சியின் அண்ணன் அப்படி ஆடியவர். அவருக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோன இடத்தில்தான் ஆச்சி ஆட்டத்தைப் படித்துக்கொண்டார்.

லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி வந்துவிட்டால், சாயங்காலம் உலை இறக்கிய கையோடு கிளம்பிவிடுவார். "பொம்பளைக்குக் கிரவுண்டுல என்ன ஜோலி?" என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டார். "கோப்பையே ஒரு அம்மா பேர்லதான இருக்கு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார் ஆச்சி. வீட்டில் எந்தக் கல்யாணத்துக்கு நாள் குறித்தாலும், இறுதிப் போட்டி நடக்கும் நாளில் முகூர்த்தம் வைக்க அவர் விட்டதே இல்லை.

கோல் அடிப்பவர்களை ரசிக்க ஊரே இருந்தது. ஆச்சியின் கண் பின்னால் நிற்பவர்கள் மேல்தான் இருக்கும். தன் கோலுக்குப் பக்கத்தில் ஓர் அணி தவறு செய்தால், எதிரணிக்கு பெனால்டி கார்னர் என்று கோல் அடிக்க ஒரு வாய்ப்புக் கொடுப்பார்கள். அப்போது தடுக்கும் அணியின் கோல்கீப்பரும் நான்கு பேரும் கோல் கோட்டில் நிற்பார்கள். பந்து உள்ளே வந்ததும் ஒரு பையன் அடிப்பவனைப் பார்த்து நேரே பாய்வான். 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி வரக்கூடிய பந்து அது, முழங்காலிலும் படும், நெஞ்சிலும் படும். "அடி வாங்கணும்னு தெரிஞ்சே ஓடுதான் பாரு. அவன் பேரக் கேட்டுட்டு வாலே" என்று என்னை அனுப்புவார். கோல் போட்டவன் பெயரைக் கேட்டு அவர் என்னை அனுப்பியதாக நினைவில்லை.

1980 ஜூலை 29. மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 4-3 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. அணித்தலைவர் நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். வானொலியில் செய்தி கேட்ட ஆச்சி, சனிக்கிழமைக் கூலியை நம்பிக் கடையில் கடன் சொல்லி, மறுநாள் ஆபீஸ் முழுக்கக் கடலை மிட்டாய் கொடுத்தாராம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் அந்தக் கடனைச் சொல்லாமல் விட மாட்டார்.

அதற்குப் பிறகு நெடுங்காலம் ஒலிம்பிக்கில் பதக்கமே இல்லை. ஆச்சி குறை சொன்னது செயற்கைப் புல்தரையை. 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் அது முதன்முதலாக வந்தபோது இந்தியா ஏழாம் இடத்துக்குப் போனது. "மண்ணுல ஆடுன பிள்ளைகளைப் பாயில ஓட விட்டா என்ன செய்யும்?" என்பார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்றுதான் நானும் நினைக்கிறேன். அந்தத் தரையைப் போடப் பெரும் பணம் வேண்டும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதைப் பார்த்ததுகூட இல்லை. பிறகு எங்கள் கிருஷ்ணா நகர் மைதானத்துக்கே அது வந்தது. ஆட்டத்துக்கு முன்னால் தரை முழுக்கத் தண்ணீர் பீய்ச்சினார்கள். குடத்தோடு தெருக்குழாயில் காத்துக் கிடந்த ஊர் இல்லையா, ஆச்சிக்கு மனசு ஆறவில்லை. பந்து ஒழுங்காக ஓடத்தான், விழுந்தால் தோல் உரியாமல் இருக்கத்தான் என்று பயிற்சியாளர் ஒருவர் விளக்கினார். "பிள்ளைகளுக்குத்தான, நல்லா ஊத்தட்டும்" என்றுவிட்டார்.

2021 ஆகஸ்ட் 5 காலையில், டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு வெண்கலம். கடைசி விநாடிகளில் ஜெர்மனிக்கு பெனால்டி கார்னர். கண் மங்கிப்போயிருந்த ஆச்சி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "புடிச்சுட்டானா? புடிச்சுட்டானா?" என்று கேட்டபடி இருந்தார். நம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்துவிட்டார்.

மறு வருஷம் மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. கோவில்பட்டி மாரீஸ்வரன் இந்திய அணியில். எங்கள் ஊர் விளையாட்டு விடுதியில் பயின்ற அரியலூர்ப் பையன் கார்த்தியும் அணியில். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் கார்த்தி கோல் போட்டதும் தெருவே கத்தியது. முடியும் நேரத்தில் பாகிஸ்தான் சமன் செய்து 1-1 ஆக்கிவிட்டது. எங்களுக்கு அது பெரிதாகவே படவில்லை. நம்ம பையன் கோல் போட்டிருக்கிறானே! ஆச்சிக்கு மட்டும் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. விடிந்ததும் என்னை எழுப்பி, "கடைசி நிமிஷத்துல போயி விடுவானுவளாலே?" என்று ஆரம்பித்தவர், காபி ஆறும்வரை விடவில்லை.

நன்றி, வணக்கம்.