மாரடைப்பும் பக்கவாதமும் பெருகக் காரணம் பழக்கமா, சூழலா? – ‘சூழலே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வில்லிவாக்கத்திலிருந்தும் கொளத்தூரிலிருந்தும் வேலை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரர் மூன்று விஷயம் சொன்னார். ராத்திரி பரோட்டா சாப்பிடுகிறோம், காலையில் நடப்பதில்லை, பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறோம். ஆகவே நோய்க்கு நாமே பொறுப்பு என்றார். மூன்றும் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதைத்தான் அவர் கேட்கவே இல்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1990ல் இந்தியாவில் இதய நோய், பக்கவாதம் போன்ற ரத்தக்குழாய் நோய்கள் இருந்தவர்கள் 2.57 கோடிப் பேர். 2016ல் 5.45 கோடி. நாட்டில் நேர்கிற மொத்த மரணங்களில் இந்த நோய்களின் பங்கு அதே காலத்தில் 15.2 சதவீதத்திலிருந்து 28.1 சதவீதமாக ஏறியது. மக்கள்தொகையும் கூடியதே என்பீர்கள். கூடியது, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நோயாளிகளோ இரண்டு மடங்குக்கு மேல். வயதானவர்கள் பெருகியதும் ஒரு காரணம், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2016ல் இந்த நோய்களால் இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எழுபதைத் தொடாதவர்கள். இந்த நோய்கள் அதிகமாக இருந்த மாநிலங்கள் எவை தெரியுமா? கேரளம், பஞ்சாப், நம் தமிழ்நாடு.

இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாடே சேர்ந்தாற்போல் சோம்பேறி ஆகிவிடுமா? நாக்கு ருசி கோடிக்கணக்கானவர்களுக்கு ஒரே நேரத்தில் கெட்டுப்போகுமா? மாறியது வேலை, மாறியது தெரு, மாறியது கடையில் கிடைக்கிற பொருள்.

இன்னொரு கணக்கு இருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 17 நாடுகளில் ஒன்றரை லட்சம் பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு நடந்தது. நம் சென்னையும் அதில் ஓர் இடம். 2014ல் அதன் முடிவு வெளிவந்தது. புகை, பிரஷர், சுகர், தொப்பை என்று ஆபத்துகளைக் கூட்டிப் பார்த்தால் யாருக்கு அதிகம்? கனடா, ஸ்வீடன் போன்ற பணக்கார நாடுகளில் இருப்பவர்களுக்கு. சரி, அப்படியானால் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் அதிகம் செத்தவர்களும் அவர்களாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. அதிகம் செத்தது இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், ஜிம்பாப்வே போன்ற நாடுகளில். நம்மைவிட ஆபத்து அதிகம் உள்ளவன் பிழைத்துக்கொள்கிறான், குறைவாக உள்ள நாம் சாகிறோம். இதே ஆய்வில் 2011ல் வந்த பகுதி காரணத்தைச் சொல்கிறது. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்து தப்பித்தவர்களில், மறுபடி வராமல் தடுக்கும் மாத்திரை ஒன்றுகூடச் சாப்பிடாதவர்கள் ஏழை நாடுகளில் நூற்றுக்கு எண்பது பேர். பணக்கார நாடுகளில் பதினோரு பேர்.

எதிரணி நண்பரே, இந்த எண்பது பேரையும் பார்த்து ‘உங்களுக்குப் பொறுப்பில்லை’ என்று சொல்ல உங்களுக்கு மனசு வருமா?

அப்படி ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார். என் அப்பா. அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை, தினக்கூலி. பிரஷர் இருந்தது. அரசு சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். ஆனால் சீட்டு கொடுக்கும் நேரமும் பட்டறையில் வேலை ஆரம்பிக்கும் நேரமும் ஒன்று. மாத்திரைக்குப் போனால் அரைநாள் கூலி போச்சு. அதனால் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். மாத்திரையை நகத்தால் இரண்டாக உடைத்து, ஒரு பாதியைத் திரும்ப அட்டைக்குள்ளேயே செருகி, கிழிந்த தாளை மடித்து மூடி வைப்பார். முப்பது நாள் மாத்திரை அறுபது நாள் வரும். அந்த அட்டையை சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். மாத்திரையை நிறுத்துகிறார்கள் என்றாரே சகோதரர், இப்படித்தான் நிறுத்துகிறார்கள்.

2018ல் ஒரு காலை, டீ டம்ளர் அப்பா கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனார், வலது கை வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அப்போது அவருக்கு வயது 52. பதறிப்போய்ப் பக்கத்தில் இருந்த ஒரு நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டிரிப்ஸ் ஏற்றினார்கள், பார்க்கலாம் என்றார்கள். தலைக்கு ஸ்கேன் எடுக்கும் வசதி அங்கே இல்லை என்பதைச் சொல்லவே மூன்று மணி நேரம் ஆனது. மூளையில் ரத்தக்கட்டியா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்த்த பிறகுதான் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும். அதுவும் நாலரை மணி நேரத்துக்குள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். எந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இது யார் பழக்கம், நடுவர் அவர்களே?

நடைப்பயிற்சிக்கு வருகிறேன். நடப்பதற்கு 8 கிலோமீட்டர் பாதை அமைக்கும் திட்டத்தை 2023 நவம்பரில் அரசே பெசன்ட் நகரில் தொடங்கியது. நல்ல விஷயம். நடக்க இடம் வேண்டும் என்று அரசுக்கே புரிந்திருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் நடைபாதை மேல் டிரான்ஸ்பார்மர் நிற்கிறது, அதைச் சுற்றி பைக் நிற்கிறது. நடப்பதற்காக நாங்கள் இரண்டு பஸ் மாறிக் கடற்கரைக்குப் போக முடியாது.

சாப்பாட்டுக்கு ஓர் ஊரின் கதை சொல்கிறேன். பின்லாந்தில் வடக்கு கரேலியா. ஒரு காலத்தில் உலகத்திலேயே இதய நோய்ச் சாவு மிக அதிகமாக இருந்த இடங்களில் ஒன்று. 1972ல் அங்கே வேலையை ஆரம்பித்தார்கள். ‘வெண்ணெயைக் குறை’ என்று வீடு வீடாகத் திட்டிவிட்டுப் போகவில்லை. இறைச்சி தயாரிப்பவர்களிடம் பேசிக் கொழுப்பையும் உப்பையும் குறைத்தார்கள். பால் விற்றுப் பிழைத்த விவசாயிகளுக்குப் பெர்ரி பயிரிட வழி காட்டினார்கள். பெண்கள் சங்கங்கள் சமையலை மாற்றின. சுமார் 35 வருஷத்தில், உழைக்கும் வயது ஆண்களிடையே இதய நோய்ச் சாவு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. பழக்கம் மாறியது, ஆமாம். கடை மாறியதால் மாறியது. இங்கேயும் எண்ணெயில், இதயத்துக்குக் கெடுதல் செய்கிற டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022ல் விதி வந்ததே, அதற்கு முன்னால் பஜ்ஜி தின்றவன் அந்தக் கொழுப்பை எப்படிக் கண்டுபிடித்துத் துப்பியிருப்பான்?

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன்.

2020ல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்குப்படி பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு பிரஷர் இருந்தது. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. எங்கள் தெருவுக்கு ஓர் அக்கா வருகிறார். அப்பாவின் இடது கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்து, ஒரு நோட்டில் எழுதி, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். முதல் பக்கத்தில் 180க்கு 110. போன மாசம் 134க்கு 84. அப்பா அதே அப்பாதான். இன்றைக்கும் தயிர் சாதத்துக்கு ஊறுகாய் கேட்கிறார். மாத்திரையை மட்டும் உடைப்பதில்லை.

அந்த நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.