தார்ச்சாலைச் சூடும் கருவேல முள்ளும்: நாயின் பாதத்தைக் காப்பது எப்படி?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நாய் நொண்டினால் பல வீடுகளில் முதலில் வரும் பேச்சு, "சுளுக்கா இருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்பதுதான். விருதுநகர், இராமநாதபுரம் பக்கம் கால்நடை மருத்துவராக இருந்தவன் நான். நொண்டி வரும் நாயை மேசையில் ஏற்றியதும் முதலில் பாதத்தின் அடியைத்தான் திருப்பிப் பார்ப்பேன். முள்ளோ, கண்ணாடிச் சில்லோ, வெந்துபோன தோலோ, விரலிடுக்கில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் உண்ணியோ, ஏதாவது ஒன்று அங்கே அடிக்கடி கண்ணில் படும்.

உங்கள் நாயின் முன்னங்காலை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். விரல்களுக்கு அடியில் சின்னதாக நான்கு திண்டுகள், அவற்றுக்குப் பின்னால் பெரிதாக ஒன்று, இன்னும் மேலே மணிக்கட்டுப் பக்கம் தனியாக ஒன்று. நாயின் உடம்பிலேயே மிகத் தடித்த தோல் இந்தத் திண்டுகளில்தான் இருக்கிறது. அதற்குக் கீழே கொழுப்பும் நாரும், நெருக்கமான ரத்தக் குழாய்களும். அதனால்தான் சின்ன வெட்டுக்கே வீட்டுத் தரையெல்லாம் ரத்தமாகிவிடுகிறது. அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். பயப்பட வேண்டிய விஷயம் வேறு. நாய் ஒவ்வொரு முறை காலை ஊன்றும்போதும் திண்டு அகலும், காயத்தின் வாய் திறக்கும். தையல் போட்டாலும் இழுபடும். மூன்று காலில் நிற்கப் பழகிய நாயும், வாசலில் ஆள் வந்தால் நான்காவது காலையும் ஊன்றிக்கொண்டு ஓடத்தான் செய்யும். முதுகில் பத்து நாளில் ஆறும் காயம், பாதத்தில் மூன்று வாரம்கூட இழுக்கலாம். பாதக் காயத்துக்கு ஓய்வுதான் முதல் மருந்து. களிம்பு எல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

சரி, காயம் பட்டுவிட்டது. முதலில் என்ன செய்வது?

எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும். பழைய துப்பட்டா அல்லது கட்டுத் துணியால் வாயை மெல்லக் கட்டிக்கொள்ளுங்கள். மூச்சிரைக்கும் நாய்க்கும், வாந்தி எடுக்கும் நாய்க்கும், பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கும் வாயைக் கட்டக் கூடாது. அப்படியும் கடித்துவிட்டால் கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். நம் வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள்.

காலைச் சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உப்பைக் கரைத்தால் போதும். மேலாகத் தெரியும் சில்லைச் சிமிட்டாவால் எடுக்கலாம். ஆழமாகப் போனதைத் தோண்ட வேண்டாம். ரத்தம் நிற்காவிட்டால் சுத்தமான துணியை வைத்து ஐந்து பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தமும் சேர்ந்து வந்துவிடும். அதன்பின் போவிடோன் அயோடின் மருந்தைத் தண்ணீரில் கலந்து, பால் விடாத லேசான டீயின் நிறத்துக்குக் கொண்டுவந்து, அதனால் ஒற்றி எடுங்கள்.

கட்டுப் போடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. விரலிடுக்குகளில் கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வியர்வையில் தோல் வெந்துவிடும், நாய்க்குப் பாதத்தில் வியர்க்கும். காயத்தின் மேல் ஒட்டாத துணி, அதன்மேல் பஞ்சு, அதற்கும் மேல் துணிக் கட்டு. நடுவில் உள்ள இரண்டு நகங்கள் மட்டும் வெளியே தெரியட்டும். அந்த நகங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால், விரல் வீங்கினால் கட்டு இறுகிவிட்டது என்று அர்த்தம், உடனே பிரியுங்கள். நனைந்த கட்டை ஒரு மணி நேரம்கூட விட்டுவைக்காதீர்கள். வெளியே கூட்டிப்போகும்போது பிளாஸ்டிக் உறையை மாட்டி, திரும்பியதும் கழற்றிவிடுங்கள். நக்கவிடாமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டியாக வேண்டும். நாய் நக்கினால் புண் ஆறிவிடும் என்பதை நம்ப வேண்டாம், நக்கி நக்கியே பெரிதான புண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். ரத்தம் நிற்கக் காப்பித்தூள், சுண்ணாம்பு, புழு வைத்தால் கற்பூரம், அந்துருண்டைப் பொடி என்று கையில் கிடைத்ததை எல்லாம் வைக்கிறார்கள். நாய் அதை நக்கும், அது வயிற்றுக்குள் போகும். காப்பித்தூள், கற்பூரம், அந்துருண்டை மூன்றுமே நாய்க்கு விஷம். சுண்ணாம்பு காயத்தையே பொசுக்கிவிடும். வலிக்கிறதே என்று நம் வீட்டு மாத்திரையைக் கொடுப்பதும் ஆபத்து. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நம் ஊர் வெக்கையில் புழுதான் பெரிய எதிரி. ரத்த வாடைக்கு ஈ வந்து முட்டையிட்டால் ஒரே நாளில் புழு பொரிந்துவிடும். மேலே சின்னத் துளைதான் தெரியும், உள்ளே விரலிடுக்கு முழுக்கத் தின்றிருக்கும். நாய் ஓயாமல் ஒரே காலை நக்கினாலோ, பக்கத்தில் போகும்போது கெட்ட நாற்றம் வந்தாலோ அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப் போங்கள். தெருவில் நீங்கள் சோறு வைக்கும் நாயாக இருந்தாலும் அப்படித்தான். அதற்குக் கட்டுப் போட்டு, கூம்பு மாட்டி, வீட்டுக்குள் வைத்துப் பார்க்க ஆள் இருக்காது. சின்னப் புண்ணாக இருக்கும்போதே பார்த்துவிட்டால் காலைக் காப்பாற்றிவிடலாம்.

எங்கள் பக்கம் சீமைக் கருவேல முள்ளின் தொல்லை தனி. கிடை போடும் ஆட்டுக்காரர் ஒருவர் தன் நாயைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். விரலிடுக்கில் சீழ் வடிந்துகொண்டிருந்தது.

"முள்ள அன்னைக்கே புடுங்கிட்டேனே டாக்டரய்யா, மூணு வாரம் ஆச்சே" என்றார்.

"வந்தது பாதிதான் அண்ணாச்சி, நுனி உள்ளயே இருக்கு" என்றேன்.

மயக்க ஊசி போட்டுத் திறந்து பார்த்தோம். அரிசி நீளத்துக்கு ஒரு துண்டு இருந்தது. கருவேல முள் ஒடிந்து உள்ளே தங்கிவிடும். மேலே புண் மூடும், பிறகு வேறு இடத்தில் துளைத்துக்கொண்டு சீழ் வரும். மாத்திரை கொடுத்தால் நிற்பதும், நிறுத்தினால் மறுபடி வடிவதுமாக இருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

அடுத்தது வெயில். சித்திரை மாதம் கோயில் பிரகாரத்தில் நம் காலுக்குச் சாக்கு விரிக்கிறார்கள், நாய்க்கு யார் விரிப்பது? நல்ல வெயிலில் காற்று 35 டிகிரி என்றால் தார்ச்சாலை 60 டிகிரியைத் தாண்டிவிடும். புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயை அதில் நடத்தாதீர்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் போய் வந்துவிடுங்கள். மாலையில் சூரியன் மறைந்த பிறகும் சாலை சூடாகவே இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மொட்டை மாடியில் பகல் முழுக்க நாயைக் கட்டிப்போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுப்பதில்லை. அது ஒதுங்க இடம் ஏது? பாதம் வெந்துவிட்டால் சாதாரணத் தண்ணீரைப் பத்து இருபது நிமிடம் காலில் ஓடவிடுங்கள். ஐஸ் வைக்கக் கூடாது. உரிந்து தொங்கும் தோலை வெட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சூட்டுக் காயம் சில சமயம் மறுநாள்தான் முழுதாகத் தெரியும்.

சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேகமாக ஓடும் நாய்கள் திரும்பும்போதும் நிற்கும்போதும் திண்டைத் தேய்த்துக்கொள்ளும். நாள் முழுக்கச் சிமெண்ட் தரையில் கட்டி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காட்டில் அவிழ்த்துவிட்டால் பாதம் தாங்காது. தினமும் கொஞ்ச நேரம் மண் தரையில் நடத்தினால் பாதம் தானாக உரமேறும். எண்ணெய் தடவித் தடவித் திண்டை மிருதுவாக்குவது நல்லதென்று நினைக்கிறார்கள். ரொம்ப மிருதுவான திண்டு சீக்கிரம் கிழியும். வெடிப்பு இருந்தால் மட்டும் ராத்திரியில் துளி தேங்காய் எண்ணெய் போதும்.

காயமே இல்லாமல் நான்கு பாதமும் கெட்டுப்போவதும் உண்டு. ஈரமான மண் கொட்டிலில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் பாதத் தோல் வழியாகவே உள்ளே புகும். விரலிடுக்கு சிவக்கும், திண்டு பஞ்சுபோல ஆகும். அதற்குக் குடற்புழு மருந்தும் உலர்ந்த தரையும் வேண்டும். திண்டும் மூக்கும் சேர்ந்து கட்டையாகத் தடித்துப்போனால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், குறிப்பாகத் தடுப்பூசி போடாத குட்டிகளில். அதற்கு வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

தினமும் ராத்திரி சோறு வைத்த பிறகு நான்கு காலையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். குட்டியிலிருந்தே பழக்கினால் நாய் காலை இழுக்காமல் கொடுக்கும். அப்படிப் பழகிய நாய்க்கு நாளைக்கு நாங்கள் கட்டுப் போடுவதும் சுலபம்.

நன்றி, வணக்கம்.