தாய் செய்யட்டும், பணியாளர் பார்க்கட்டும்

அவையோருக்கு வணக்கம். மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களிலிருந்து வந்திருக்கும் தெரபிஸ்டுகள், ஊர் ஊராக வண்டி ஓட்டும் சமுதாய மறுவாழ்வுப் பணியாளர்கள், அங்கன்வாடி மேற்பார்வையாளர்கள் என்று பலரும் இங்கே இருக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேராவது இனி மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறவர்கள். அதனால் வளர்ச்சித் தாமதமோ குறைபாடோ உள்ள குழந்தைக்கு என்ன செய்யலாம் என்பதைவிட, அதைச் செய்யப்போகிறவரை எப்படித் தயார்செய்வது என்பதைப் பற்றியே பேசுகிறேன்.

நம் பயிற்சிகளின் வடிவம் உங்களுக்கு அத்துப்படி. ஐந்து நாள் மண்டபம், பவர்பாயிண்ட், கடைசி நாள் ஐம்பது மதிப்பெண் தேர்வு, குரூப் போட்டோ, சான்றிதழ். அந்தத் தேர்வு ஞாபகசக்தியை அளக்கும், வேறெதையும் அளக்காது. அமெரிக்காவில் ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980களிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். விளக்கிச் சொல்லி, செய்துகாட்டி, கூடத்திலேயே செய்யவைத்துத் திருத்தினாலும், வேலைக்குத் திரும்பியதும் அதைக் கையாள்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். வேலையிடத்துக்கே ஒருவர் கூடப் போய் நின்று பார்த்து வழிகாட்டும்போதுதான் பெரும்பாலோர் கையாள்கிறார்கள். நம் பட்ஜெட்டில் மண்டப வாடகைக்கு இடம் இருக்கிறது. கூடப் போகிறவரின் பெட்ரோலுக்கு இல்லை.

எது வேலை செய்கிறது என்பதற்கு ஜமைக்காவைவிடத் தெளிவான உதாரணம் குறைவு. கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் 1986-87இல், 9 முதல் 24 மாத வயதுள்ள, வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவுக்குச் சத்துணவு, ஒன்றுக்கு வாரம் ஒரு மணி நேர வீட்டுச் சந்திப்பு, ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு இரண்டும் இல்லை. இரண்டு ஆண்டு நடந்தது. 20 ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்தபோது, வீட்டுச் சந்திப்பு கிடைத்தவர்களின் சம்பாத்தியம் கிடைக்காதவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் அதிகம். வீடுகளுக்குப் போனவர்கள் டாக்டர்கள் அல்ல, சமுதாய சுகாதாரப் பணியாளர்கள். கொண்டுபோனது காலி டப்பா, மூடி, துணி, அட்டையில் செய்த விளையாட்டுச் சாமான்கள். அதே பாடத்திட்டம் பிறகு ரீச் அப் என்ற பெயரில் பல நாடுகளுக்குப் போனது; நம் ஒடிசாவில் கட்டாக் நகரக் குடிசைப் பகுதிகளிலும் நடத்திப் பார்த்தார்கள்.

ஜமைக்காவில் பணியாளர் குழந்தையோடு விளையாடிவிட்டுத் திரும்பவில்லை. தாயை விளையாட வைத்தார். நம் பயிற்சிகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் பாயை விரித்து, குழந்தையை மடியில் வாங்கி, நாற்பது நிமிடம் தானே வேலை பார்க்கிறார் நம் பணியாளர். தாய் ஓரமாக நின்று பார்க்கிறார், நடுவே டீ போடப் போகிறார். "டீச்சர், உங்க கைக்குத்தான் சும்மா இருக்கான், நீங்களே செஞ்சிருங்க" என்கிறார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டால் வேலை கெட்டது. வாரத்துக்கு 168 மணி நேரம்; அதில் பணியாளர் இருப்பது ஒன்று.

ஒரு சந்திப்பு எப்படி நடக்க வேண்டும்? பதினெட்டு மாதக் குழந்தை, மூளை முடக்குவாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்படாத நிலை), யாராவது பிடிக்காமல் உட்கார முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை இலக்கு எழுதுவது. "தசை இறுக்கத்தைக் குறைத்தல்" என்று பதிவேட்டில் எழுதினால் அது இலக்கு ஆகாது. தாய்க்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "காலையில் இட்லி சாப்பிடும்போது, சுவர் மூலையில் சாய்ந்து பத்து நிமிடம் உட்கார்ந்து, ஒரு துண்டைத் தானே எடுத்து வாயில் வைப்பான்" என்பது இலக்கு. எந்த நேரம், எந்த இடம், குழந்தை என்ன செய்யும், எவ்வளவு நேரம் என்று நான்கும் அதில் இருக்கின்றன. நடந்ததா இல்லையா என்று பாட்டியும் சொல்லிவிடலாம். தாய் நூறுநாள் வேலைக்கோ பீடி சுற்றவோ போகிற வீட்டில் பகலில் ஊட்டுவது பாட்டிதான். அங்கே பயிற்சி பாட்டிக்கு.

அடுத்து, போன வாரம் எப்படிப் போயிற்று என்று கேட்க வேண்டும். பிறகு "எப்படிச் செய்வீங்கன்னு ஒருமுறை காட்டுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வாயை மூடிப் பார்க்க வேண்டும். இதுதான் பயிற்சியிலேயே கடினமான பகுதி. முப்பது விநாடிக்குள் நம் கை தானாக நீண்டுவிடும். பார்த்தபின் திருத்தம் ஒன்றே ஒன்று. முதுகுக்குத் தலையணை, காலுக்கு முக்காலி, தட்டின் உயரம் என்று மூன்றையும் ஒரே நாளில் சொன்னால் மூன்றும் நடக்காது. ஒரு நிமிடம் செய்துகாட்டி, உடனே தாய் கையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"நல்லா செய்றீங்க" என்ற பாராட்டால் பயனில்லை. எது நன்றாக இருந்தது என்று அவருக்குத் தெரியாது. "தட்டை அவன் எட்டுற தூரத்துல வெச்சீங்க, அவனே குனிஞ்சு எடுத்தான் பாத்தீங்களா?" என்று சொன்னால் நாளையும் தட்டு அங்கேதான் இருக்கும். பேச்சு வராத குழந்தையிடம் கேள்வி கேட்டால், மனசுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருக்கத் தாய்க்குச் சொல்லிக்கொடுங்கள். பெரும்பாலான பெரியவர்கள் இரண்டு எண்ணுவதற்குள் பதிலையும் தாங்களே சொல்லிவிடுகிறோம்.

இவற்றைச் சரிபார்ப்புத் தாளாக்குங்கள், பத்து வரிக்கு மேல் வேண்டாம். பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு போனில் ஐந்து நிமிட வீடியோ எடுத்து, பணியாளரும் பயிற்றுநரும் தனித்தனியே குறிக்கட்டும். பத்தில் எட்டு வரியாவது இருவரும் ஒரேமாதிரி குறித்தால்தான் அந்தத் தாளை நம்பலாம். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் குற்றம் தாளில்தான்: "நல்லுறவு பேணினார்" போன்ற வரிகளை எடுத்துவிட்டு, "திருத்துவதற்கு முன் தாய் செய்வதைப் பார்த்தார்" என்று கண்ணால் பார்க்கக்கூடியதை எழுதுங்கள். வீடியோவைப் போட்டுப் பேசுவது ஒன்றும் புது வித்தையல்ல. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு, நிபுணர் அல்லாத பணியாளர்களே வீடியோவை வைத்து வழிகாட்டி நல்ல பலன் கண்டிருக்கிறார்கள்.

பழைய பழக்கத்தைக் கைவிடச் சொல்லிக்கொடுப்பதும் பயிற்சிதான். குழந்தை சும்மா படுத்திருக்க நாம் கைகாலை இழுத்து நீட்டுவதற்கு ஆதாரம் பலவீனம். ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழு மூளை முடக்குவாத சிகிச்சைகளைப் போக்குவரத்து விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துக் காட்டியது. குழந்தை தானே முயன்று ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும் முறைகளுக்குப் பச்சை. ஒருபக்கம் பலவீனமான குழந்தைக்கு நல்ல கையில் மெல்லிய உறை போட்டு மறுகையைப் பயன்படுத்த வைப்பதும் பச்சைதான். இருபது ஆண்டு அனுபவமுள்ள பிசியோக்களுக்கு இதைக் கேட்கக் கசக்கும். அந்த வாக்குவாதத்துக்கும் அரைநாள் ஒதுக்குங்கள்.

கண்டறியும் பகுதியில் இரண்டு மூன்று தவறுகள் அடிக்கடி வருகின்றன. குறைமாதக் குழந்தைக்குத் திருத்திய வயது, அதாவது எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அதைக் கழித்த வயது, போடும்போது பிறந்த வாரத்தை 40 வாரத்திலிருந்து கழிக்க வேண்டும். ஒன்பது மாதம், மாதத்துக்கு நான்கு வாரம் என்று 36இலிருந்து கழிக்கிறார்கள். 32 வாரத்தில் பிறந்து இப்போது ஆறு மாதமான குழந்தைக்குத் திருத்திய வயது சுமார் நான்கு மாதம். தவறாகக் கணக்கிட்டால் ஐந்து மாதம் ஆகிவிடும். "இன்னும் குப்புற விழலையே" என்று ஒரு வீட்டையே பயமுறுத்திவிடுவோம். இரண்டு வயதுவரை இந்தக் கணக்கு வேண்டும். இரண்டு வயதுவரையான குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணையில் 17 படிகள்தான். குழந்தையின் வயதுக்கு நேரே பென்சிலைச் செங்குத்தாக வைத்து, அதற்கு இடப்புறம் முடிந்துவிட்ட படிகளில் எது வரவில்லை என்று பார்க்கிறோம். தவறான வயதில் பென்சில் நின்றால் அட்டவணை என்ன செய்யும்?

பேச்சு வரவில்லை என்றால் முதலில் காது. முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பார்ப்பது காதுப் பரிசோதனை ஆகாது. காற்றசைவுக்கும் நிழலுக்கும்கூடக் குழந்தை திரும்பும். "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாரு" என்ற பதிலைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடக் கூடாது.

இன்னொன்றை எல்லாப் பணியாளருக்கும் வீடியோவில் காட்டியே தீர வேண்டும். ஒரு வயதுக்குள், தூங்கி எழுந்ததும், குழந்தை கைகளை விரித்துத் தலையைக் குனிந்து கும்பிடுவதுபோல் சட்டென மடங்கும். சில விநாடி விட்டு மறுபடி, மறுபடி என்று வரிசையாக வரும். வீட்டில் "தூக்கிவாரிப் போடுது" என்பார்கள். அது ஒருவகை வலிப்பு. தாமதித்தால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். போனில் படம்பிடித்துக்கொண்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அடுத்த முகாம்வரை காத்திருக்கக் கூடாது.

சான்றிதழைக் கடைசி நாளில் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு மாதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது கூடப் போங்கள். மூன்று வெவ்வேறு வீடுகளின் வீடியோவில், தாளின் பத்து வரியில் எட்டையாவது பணியாளர் சரியாகச் செய்த பிறகு கொடுங்கள். மேற்பார்வைக்குப் போகிறவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினால் அதைக் கூடப் போனதாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, சம்மதம் பெற்று எடுத்த மூன்று வீட்டு வீடியோக்களை இங்கேயே போடப்போகிறோம். இரண்டிரண்டு பேராக உட்காருங்கள். தாளைக் குறித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பவருடையதைப் பார்க்க வேண்டாம்.